நோம் டு ப்ரொவிதேனியா: முக்கால் மணி நேரப் பயணம்

மேப்ல அலாஸ்காவோட மேற்கு ஓரத்தைப் பாருங்க. பெரிங் கடல் கரையில நோம்னு ஒரு சின்ன ஊர் இருக்கும். அங்கிருந்து நேரா மேற்கே, கடலுக்கு அந்தப் பக்கம் ரஷ்யாவோட சுகோத்கா. அதுல ப்ரொவிதேனியா. ரெண்டு ஊருக்குமே வெளியிலிருந்து ரோடு கிடையாது. ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல சுமார் 370 கிலோமீட்டர், ஜெட்ல போனா முக்கால் மணி நேரம்.

நடுவுல சர்வதேச தேதிக் கோடு வேற ஓடுது. கோடைக்காலத்துல திங்கட்கிழமை மதியம் 12 மணிக்கு நோம்ல கிளம்பினா, செவ்வாய்க்கிழமை காலை 8.45-க்கு இறங்குவீங்க. திரும்பி வரும்போது நேத்தைக்கு வந்துடுவீங்க!

ஆனா இந்த முக்கால் மணி நேரத்தைக் கடக்க ஒரு தலைமுறை 40 வருஷம் காத்திருந்துச்சு.

இந்தக் கடலோட ரெண்டு கரையிலயும் யூபிக் பழங்குடி மக்கள் வாழ்றாங்க. ஒரே மொழி, ஒரே சொந்தம். 1867-ல ரஷ்யா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு வித்தப்பவும் அவங்க பாட்டுக்குத் தோல் படகுல போய் வந்துட்டுதான் இருந்தாங்க. இரண்டாம் உலகப்போர்ல இந்த வான்வழி செம பிஸி. ஹிட்லரை எதிர்க்க அமெரிக்கா கொடுத்த கிட்டத்தட்ட 8,000 போர் விமானங்களை, சோவியத் பைலட்டுகள் ஃபேர்பேங்க்ஸ்ல வாங்கி, நோம் வழியா சைபீரியாவுக்கு ஓட்டிட்டுப் போனாங்க.

போர் முடிஞ்சு மூணே வருஷம். 1948-ல எல்லை மூடப்பட்டது. பனிப்போர். பிக் டயோமீட் தீவுல இருந்தவங்களை சோவியத் அரசு மெயின்லேண்டுக்கு மாத்திடுச்சு. அங்கிருந்து 4 கிலோமீட்டர்கூட தள்ளி இல்லாத லிட்டில் டயோமீட், அமெரிக்காவோடது. அங்க இருந்தவங்களோட மாமன், மச்சான், அத்தை யாருமே இனி எதிர்க்கரையில இல்லை. உயிரோட இருக்காங்களான்னுகூடத் தெரியாது.

1987 ஆகஸ்ட்ல லின் காக்ஸ் என்ற அமெரிக்க நீச்சல் வீராங்கனை, உறைய வைக்கிற அந்தத் தண்ணியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல நீந்தி பிக் டயோமீட் போய்ச் சேர்ந்தாங்க. சோவியத் தரப்பு கரையில நின்னு வரவேற்றது. அந்த டிசம்பர்ல வாஷிங்டன் வந்த கோர்பச்சேவே அவங்களைப் பாராட்டிப் பேசினார். என்னைக் கேட்டா, பல மாநாடுகளைவிட அந்த நீச்சல்தான் பெருசு.

1988 ஜூன் 13. அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒண்ணு நோம்ல இருந்து ப்ரொவிதேனியாவுக்குப் பறந்தது. அலாஸ்கா கவர்னர், அதிகாரிகள், பத்திரிகைக்காரங்க எல்லாரும் இருந்தாங்க. ஆனா முக்கியமான பயணிகள் யூபிக் பெரியவங்கதான். இறங்கினதும் அவங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படல. இங்கிலீஷும் தெரிய வேண்டியதில்லை, ரஷ்யனும் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த வருஷமே பழங்குடி மக்கள் விசா இல்லாம சொந்தக்காரங்களைப் பார்க்கப் போய்வர ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுச்சு. நோம்ல இருந்து சின்ன சார்ட்டர் விமானங்களும் பறந்துச்சு.

2022-ல உக்ரைன் போர் தொடங்கினதும் அமெரிக்கா தன் வான்வெளியை ரஷ்ய விமானங்களுக்கு மூடிடுச்சு. இன்னைக்கு நோம்ல இருக்கிற ஒருத்தர் ப்ரொவிதேனியா போகணும்னா முதல்ல கிழக்கே திரும்பணும். ஆங்கரேஜ், இன்னொரு அமெரிக்க நகரம், அப்புறம் இஸ்தான்புல் மாதிரி ஒரு மூணாவது நாட்டு ஏர்போர்ட், மாஸ்கோ. அங்கிருந்து அனாதிருக்கு மட்டுமே எட்டு மணி நேரத்துக்கு மேல. அதுக்கப்புறம் எல்லைப் பகுதிக்கான பர்மிட்டைக் கையில வெச்சுக்கிட்டு, பனிமூட்டம் விலகுற வரைக்கும் அனாதிர்ல உட்கார்ந்திருக்கணும்.