ரத்தக் குழாயின் உள்படலமும் ஒரு மறதியும்



பி.காம் படிப்பவனுக்கு ரத்தக் குழாயில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் சிரிக்கலாம் :-) எங்கள் தாத்தாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு மாத்திரைப் பட்டை இருக்கும். நெஞ்சு வலித்தால் ஒன்றை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்வார். சில நிமிடங்களில் வலி குறைந்துவிடும். அது எப்படி என்று தேடப் போய்த்தான் இந்த வரலாறு கிடைத்தது.

நம் ரத்தக் குழாய்களின் உட்புறம் முழுவதும் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. எண்டோதீலியம் என்று பெயர். 1865-ல் வில்ஹெல்ம் ஹிஸ் என்ற சுவிஸ் அறிஞர் வைத்த பெயர் இது. அதன்பின் நூறு வருடங்களுக்கு மேல் பெரும்பாலானோர் அதை வெறும் உறையாகத்தான் பார்த்தார்கள். குழாய் சுருங்குவதும் விரிவதும் வெளியே உள்ள தசையின் வேலை என்று நினைத்தார்கள்.

அமெரிக்காவில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி, முயலின் பெருந்தமனியைச் சிறு பட்டைகளாக வெட்டி மருந்துகளைச் சோதித்து வந்தார். அசிடைல்கோலின் என்ற பொருளை உயிருள்ள விலங்குக்குக் கொடுத்தால் ரத்தக் குழாய் விரியும். ஆனால் 1953-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பட்டைகள் சுருங்கின! கணக்கு உதைத்தது. இருப்பாய்வு சரிவராவிட்டால் நாம் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போடுவோமே, அதுபோல இந்த முரண்பாடு 25 வருடம் அப்படியே கிடந்தது.

1978-ல் புரூக்ளினில் இருந்த அவரது ஆய்வகத்தில் ஒரு தவறு நடந்தது. முதலில் போட்ட மருந்தைக் கழுவாமலேயே, அசிடைல்கோலின் போன்ற இன்னொரு மருந்தை உதவியாளர் சேர்த்துவிட்டார். இன்னும் சுருங்க வேண்டிய தமனி, தளர்ந்தது. ஃபர்ச்காட் அதைப் பிழை என்று ஒதுக்கவில்லை, காரணம் தேடினார். பட்டை வெட்டும்போது உட்புறம் உரசி, அந்த மெல்லிய படலம் உரிந்துபோயிருந்தது! இத்தனை வருடமும் விடையைத் தங்கள் கையாலேயே தேய்த்து எடுத்திருக்கிறார்கள்.

படலம் இல்லாத பட்டையின் மேல், படலம் உள்ள பட்டையை சாண்ட்விச் போல வைத்துப் பார்த்தார். இப்போது படலம் இல்லாததும் தளர்ந்தது. அப்படியென்றால் படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து தசைக்குச் செய்தி அனுப்புகிறது. 1980-ல் ஜான் ஜவாட்ஸ்கியுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார். அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று 1986-ல் அவரும் லூயி இக்னாரோவும் தனித்தனியே சொன்னார்கள். 1987-ல் லண்டனில் சால்வடோர் மொன்காடாவின் குழு அதை அளந்து காட்டியது.

ரத்தம் உரசி ஓடும் வேகத்தையும் இந்தச் செல்கள் உணர்கின்றன. ஓட்டம் கூடினால் நைட்ரிக் ஆக்சைடு கூடும், குழாய் விரிந்து வழிவிடும். படலத்தை நீக்கினால் இந்த விரிவு நடப்பதில்லை என்று 1986-ல் நாய்களின் தமனியில் காட்டினார்கள். ஓட்டம் நேராக உள்ள இடத்தில் செல்கள் அதே திசையில் நீண்டு படிந்திருக்கும். கிளை பிரியும் இடங்களில் ஓட்டம் சுழலும், அங்கே செல்கள் தாறுமாறாக இருக்கும். கொழுப்புப் படிவதும் பெரும்பாலும் அங்கேதான். காயம் பட்டுப் படலம் உரிந்தால் தட்டணுக்கள் வந்து ஒட்டும், ஓரத்துச் செல்கள் பரவிப் பெருகி இடைவெளியை மூடப் பார்க்கும். புகையும் சர்க்கரை நோயும் இந்தப் படலத்தைத்தான் முதலில் கெடுக்கின்றன.

1998-ல் ஃபர்ச்காட், இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மொன்காடாவுக்கு இல்லை என்பதில் பலருக்கு வருத்தம். நைட்ரோகிளிசரினில் இருந்து நைட்ரிக் ஆக்சைடு வெளிவருகிறது என்று 1977-லேயே காட்டியவர் முராட். அந்த நைட்ரோகிளிசரினை வைத்து டைனமைட் செய்து சம்பாதித்தவர் ஆல்ஃபிரட் நோபல். கடைசிக் காலத்தில் அவருடைய இதய நோய்க்கே மருத்துவர்கள் அதைச் சிபாரிசு செய்தார்கள்!

தாத்தாவின் மாத்திரையும் அந்த இனம்தான். கெட்டுப்போன படலம் சரியாகச் சுரக்க முடியாத வாயுவை அது வெளியிலிருந்து கொடுத்தது. தாத்தா இப்போது இல்லை. அவர் அந்த மாத்திரையை எடுக்கும்போதெல்லாம் நாங்கள் வீட்டில் பயந்து நிற்போம். அந்த நிமிடங்களில் உள்ளே என்ன நடந்தது என்று இன்றைக்குத்தான் எனக்குப் புரிகிறது.

அடுத்த பதிவில் சந்திப்போம். புகை பிடிக்கும் நண்பர்கள் நான்காவது பத்தி போல ஆறாவது பத்தியையும் இன்னொரு முறை படிக்கவும் :-)