கோடியக்கரையில் ராத்தங்கல்

கோடியக்கரை என்றதும் நம்மில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது பூங்குழலியும் அவளுடைய படகும்தான். கல்கி செய்த வேலை அது. ஆனால் அந்தக் கரையில் ஓர் ஆள் தனியாக எப்படித் தங்குவது என்ற கேள்வியை அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே சுந்தரர் கேட்டுவிட்டார். அதுவும் கடவுளைப் பார்த்து.

சேரமான் பெருமாளோடு திருமறைக்காட்டை, அதாவது இன்றைய வேதாரண்யத்தைக் கும்பிட்டுவிட்டு, அகத்தியான்பள்ளி வழியாகத் தெற்கே வருகிறார் சுந்தரர். கோடிக்குழகர் கோயிலில் இறைவன் ஒற்றையாக இருப்பதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிடுகிறது. கடற்காற்று ஓயவில்லை, துணைக்கு ஆளில்லை, மரப்பொந்துகளில் ஆந்தையும் கூகையும் அலறுகின்றன, சுற்றி இருக்கும் வேடர்களோ பொல்லாதவர்கள், இங்கே போய் ஏன் குடியிருக்கிறீர் என்று கேட்கிறார். பக்தர்களுக்கு அது பதிகம். எனக்கு அது அந்தக் காட்டைப் பற்றிய பழைய கள அறிக்கையாகவும் தெரிகிறது. காற்று, கூகை, வேடர் என்று பார்த்ததை அப்படியே வைத்திருக்கிறார்.

வேதாரண்யத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தெற்கே போனால் அந்தக் காடு. ஒரு பக்கம் வங்கக்கடல், இன்னொரு பக்கம் பாக் நீரிணை. நிலம் அங்கே சட்டென்று திரும்புகிறது. உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் சொல்லும் வகை. பாலை மரம், நாவல், காரை, சூரை. பாலை மரம் உயரமாகப் போகாது. காற்று அதை அமுக்கி, குடை மாதிரி விரித்து வைத்திருக்கும். மரங்கள் விலகும் இடத்தில் புல்வெளி. அங்கேதான் வெளிமான்கள் மேயும். அதற்கப்பால் சேறும் உப்பளமும். இராமர் பாதம் இருக்கும் சிறு மேடுதான் அங்கே மலை.

நண்பர்கள் மூவர் டென்ட் அடிக்கும் ஆசையோடு ஒரு தை மாதம் அங்கே போனோம். டீக்கடையில் இருந்த பெரியவர் எங்கள் மூட்டையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “காட்டுக்குள்ளயா? விட மாட்டாங்க தம்பி. அந்தாண்ட கரையில கொட்டாய் போட்டிருக்காங்க பாருங்க, அவங்கள்லாம் தொழிலுக்கு வந்தவங்க. நீங்க எதுக்கு வந்தீங்க?”

வேதாரண்யத்துக்குத் திரும்பி லாட்ஜில் தங்கினோம். விடிகாலையில் மறுபடி காட்டுக்குப் போனோம். மான் பார்த்தோம், பூநாரை பார்த்தோம். ஆனால் அந்த “எதுக்கு” மட்டும் ஊருக்கு வந்த பிறகும் கூடவே இருந்தது. அந்தக் கரையில் இதற்குமுன் யார் யார் எதற்காகத் தங்கினார்கள் என்று தேட ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

முதலில் அந்தக் கொட்டகைக்காரர்கள். ஐப்பசி வாக்கில் சீசன் தொடங்கியதும் நாகை, காரைக்கால் என்று பல ஊர் மீனவர்கள் படகும் வலையும் பாத்திரமுமாக, சிலர் குடும்பத்தோடு வந்துவிடுகிறார்கள். கீற்றும் தார்ப்பாயும் போட்டுத் தங்கி, மாசி, பங்குனியில் மீன் குறைந்ததும் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். கடலோரத் தமிழில் இதற்கு ‘வாடி’ என்று ஒரு சொல் உண்டு. கேம்பிங் என்ற வார்த்தை வருவதற்கு எவ்வளவோ முன்பே இருந்த சொல்.

அடுத்து 1930. ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் கிளம்பினார்கள். வேதாரண்யம் வந்து சேர்ந்தது 28ஆம் தேதி. இரண்டு வாரத்துக்கும் மேலாக ஒவ்வொரு ராத்திரியும் யாராவது இடம் கொடுத்தாக வேண்டும். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் கைவைத்தது சரியாக அந்த இடத்தில்தான். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்களுக்குத் தண்டனை என்று அறிவித்தார். உப்பு எடுப்பது மட்டுமல்ல, உப்பு எடுக்கப் போகிறவனுக்குத் திண்ணையில் இடம் விடுவதும் குற்றமாகிவிட்டது. ஜனங்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள் என்கிறார்கள். கொடுத்தவர் யாரென்று மரத்தைத்தான் கேட்க வேண்டும்! வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை அவர்களைத் தாங்கினார். 30ஆம் தேதி காலை அகத்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். சுந்தரர் நடந்து போன அதே வழி. இன்று அங்கே ஒரு நினைவுத் தூண் நிற்கிறது.

மூன்றாவது, பறவைக்காரர்கள். 1959இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் சாலிம் அலி தலைமையில் வலசைப் பறவைகளுக்கு வளையமிடும் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு உலக சுகாதார நிறுவனம் பணம் கொடுத்தது. ஏனென்றால் அதற்கு இரண்டாண்டு முன்புதான் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் ஒரு புதுக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. உண்ணி பரப்பும் அந்தக் கிருமி பறவைகளோடு வந்ததா என்று தெரிய வேண்டியிருந்தது. பின்னாளில் கோடியக்கரை அந்த வேலைக்கு முக்கியமான முகாமானது. இருட்டில் மெல்லிய வலை கட்டி, சிக்கும் உள்ளான்களை எடுத்து, எடை போட்டு, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விட்டுவிடுவார்கள். முப்பது கிராம் கூடத் தேறாத உயிர், சைபீரியாவிலிருந்து வந்திருக்கும். வலை போட இந்தக் கழகம் அழைத்துவந்தவர்களில் பீகாரின் மிர்ஷிகார்கள் உண்டு. பரம்பரையாகப் பறவை பிடித்தவர்கள். சுந்தரர் பயந்த வேடர்களின் தொழில்தான். ஆனால் இவர்கள் கையிலிருந்து பறவை உயிரோடு பறந்து போனது.

1967இல் காடு சரணாலயமானது. 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் உள்ளே போகவும் தங்கவும் அனுமதி வேண்டும். காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டவே கூடாது. நியாயம்தான். சருகும் கடற்காற்றும் சேர்ந்த இடத்தில் ஒரு பொறி போதும். ஆனால் சட்டம் கதவைச் சாத்தும்போது சுற்றுலா வந்த எனக்குப் போனது ஒரு ராத்திரி. விறகும் மேய்ச்சலும் அந்தக் காட்டை நம்பியிருந்த கோடியக்காட்டுச் சனங்களுக்குப் போனது பிழைப்பு. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. காட்டோரத்தில் ‘இயற்கையோடு ஓர் இரவு’ என்று டென்ட் வாடகைக்கு விட வேண்டும் என்று யாராவது பேசும்போது, முதலில் கேட்க வேண்டியது அந்த ஊர்க்காரர்களைத்தான் என்று தோன்றுகிறது.

இந்தக் கரையில் எதுவும் நிலையாகத் தங்குவதில்லை. சோழர் காலத்தது என்று ஊரார் சொன்ன பழைய கலங்கரை விளக்கத்தின் மிச்சம் 2004 சுனாமியில் போயிற்று. 2018 நவம்பரில் கஜா புயல் கரையேறியபோது மரங்கள் சரிந்தன, மான்களும் மட்டக்குதிரைகளும் செத்தன. மீனவர், தொண்டர், வளையமிடுவோர் எல்லோரும் ஒரு வேலையோடு வந்தார்கள், முடிந்ததும் கிளம்பினார்கள். உள்ளான்களும் அப்படித்தான், ஐப்பசியில் வந்து சித்திரைக்குள் போய்விடும். பெரியவரின் கேள்விக்குப் பதில் இல்லாதவர்கள் வேதாரண்யத்தில் படுத்துவிட்டு விடிகாலை பஸ்ஸைப் பிடிப்பதே நல்லது. ஆறு மணிக்கெல்லாம் புல்வெளியில் மான்கள் இருக்கும்.