வேலூரில் கத்தி, திருச்சியில் தலை

1752 ஜூன். ஸ்ரீரங்கம் தீவில் பொறி இறுகிவிட்டது. பிரெஞ்சுத் தளபதி லா திருவானைக்காவல் கோயிலுக்குள். சந்தா சாகிப் ரங்கநாதர் கோயில் மதிலுக்குள். வடக்கே சமயபுரம் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் கையில். உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படை வாலிகண்டபுரத்திலேயே சரணடைந்துவிட்டது. சம்பளம் காணாத சிப்பாய்கள் கூட்டம் கூட்டமாக எதிர்ப்பக்கம் போய்ச் சேர்கிறார்கள். கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட சந்தா சாகிபின் கதை, உண்மையில் வேலூரில் நடந்த ஒரு குடும்பக் கொலையிலிருந்து புறப்படுகிறது.

ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலி 1740இல் மராட்டியரோடு பொருதி மாண்டார். பட்டம் மகன் சப்தர் அலிக்கு. சப்தர் அலியின் சகோதரிகளை மணந்தவர்களில் இருவர் முக்கியம்: ஒருவர் சந்தா சாகிப், மற்றவர் வேலூர்க் கோட்டையை வைத்திருந்த முர்தஸா அலி. சந்தா சாகிப் நல்லவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். குரான்மேல் சத்தியம் செய்து மதுரை நாயக்க ராணி மீனாட்சியிடமிருந்து திருச்சியைப் பறித்தவர் அவர். 1741இல் அதே திருச்சியை மராட்டியரிடம் தோற்று, கைதியாகச் சத்தாராவுக்குப் போனார். உறவினர்கள் வெட்டுப்பட்ட ஆண்டுகளில் அவர் ஊரிலேயே இல்லை.

மராட்டியருக்குக் கட்ட வேண்டிய பணத்துக்காகச் சப்தர் அலி கோட்டைக்காரர்களை நெருக்கினார். பணம் நிறைய இருந்தது மைத்துனன் முர்தஸா அலியிடம். கொடுக்கும் மனம்தான் இல்லை. 1742 அக்டோபரில் வேலூர்க் கோட்டைக்குள் விருந்தாளியாக இருந்த சப்தர் அலிக்கு முதலில் விஷம். அது வேலை செய்யாததால் பட்டாணியர் கத்தி. முர்தஸா அலி ஆற்காட்டில் நவாபாக அமர்ந்தார். படை சம்பளப் பாக்கி கேட்டுத் திரண்டதும் நடுங்கிப்போனார். பெண் உடை உடுத்தி, மூடுபல்லக்கில் ஏறி, தோழிகள் புடைசூழ இரவோடு இரவாக வேலூருக்கு ஓடினார். கோட்டைக் கதவு சாத்தியதும் அவரைத் தொட ஆளில்லை.

அடுத்துப் பட்டத்துக்கு உரிய சப்தர் அலியின் மகன் சிறுவன். ஹைதராபாத் நிஜாம் அவனுக்குக் காவலராக அன்வருதீனை வைத்தார். 1744இல் ஆற்காட்டில் ஒரு கல்யாண வீட்டில் அந்தச் சிறுவனையும் பட்டாணியர் குத்திக் கொன்றார்கள். விருந்துக்கு முர்தஸா அலியும் வந்திருந்தார்! உடனே வேலூருக்குத் திரும்பிவிட்டார். அவர் அன்வருதீனைக் கை காட்டினார், அன்வருதீன் அவரை. ஆதாயம் யாருக்கு என்று கேட்டால் விடை எளிது: பட்டம் அன்வருதீன் குடும்பத்துக்குப் போனது.

விடுதலையாகி வந்த சந்தா சாகிப், பழைய குடும்பத்தின் உரிமை தமக்கே என்று கிளம்பினார். பிரெஞ்சுக்காரர் துணையோடு அவர் நடத்திய போரில் 1749இல் ஆம்பூரில் அன்வருதீன் வீழ்ந்தார். மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். ஓடியவரைத் துரத்தி வந்தவர்தான் இப்போது ஸ்ரீரங்கத்தில் சிக்கிக் கிடக்கிறார்.

முகமது அலியின் பக்கம் நின்ற தஞ்சைத் தளபதி மானோஜியோடு ரகசியப் பேரம் நடந்தது. தப்பிக்க வழிவிடுவதாகச் சத்தியம். போய்ச் சேர்ந்ததும் விலங்கு. முகமது அலி, அவர் கூட்டாளிகளான மைசூரார், மராட்டியர், ஆங்கிலேயர் என ஆளாளுக்கு "எங்களிடம் கொடு" என்றார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவர் பகை. மானோஜி சண்டையைச் சுருக்கமாக முடித்தார்: தலையை வெட்டவைத்தார். ராணி மீனாட்சியிடம் சத்தியம் செய்த அதே மண்டபத்தில்தான் வெட்டினார்கள் என்றொரு கதை உண்டு. அவ்வளவு கச்சிதமாகக் கணக்குத் தீர்வதை நான் நம்புவதில்லை. தலையை ஒட்டகத்தின் கழுத்தில் கட்டித் திருச்சிக் கோட்டையை ஐந்து முறை சுற்றினார்கள் என்கிறார் ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்ம்.

லா சரணடைந்தார். கோயிலுக்குள் இருந்த ஆயிரம் ராஜபுத்திரர்கள் மட்டும் ஆயுதத்தைக் கீழே வைக்கவில்லை. மூன்றாம் மதிலைத் தாண்டினால் வெட்டுவோம் என்றார்கள், ஆங்கிலேயர் தாண்டவில்லை. சந்தா சாகிபின் கல்லறை திருச்சி நத்தர்வலி தர்காவில் இருக்கிறது. பிற்பாடு முகமது அலியும் அங்கேயே அடக்கமானார்.

முர்தஸா அலி? வேலூரில் சுகமாக இருந்தார். அடுத்த ஆண்டே, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளே அவரைப் புதுச்சேரிக்கு அழைத்துக் கர்நாடக நவாப் என்று அறிவித்தார்.