உண்ணிச்செடி எந்த வருஷம் வந்தது?

பார்த்தீனியம் இந்தியாவுக்குள் எப்படி வந்தது என்று வகுப்பில் கேட்டால், கடைசி பெஞ்சுப் பையன்கூட உடனே சொல்லிவிடுவான்: அமெரிக்கா அனுப்பிய பி.எல். 480 கோதுமையில் கலந்து வந்தது. ஊரெல்லாம் நம்பும் கதை அது. 1950-களின் நடுவில் புனேயில் முளைத்துக் கிடந்த அந்தச் செடியை, இந்தியாவுக்குப் புதியது என்று ஆர். சேஷகிரி ராவ் 1956-இல் பதிவு செய்தார். அதிலிருந்து கோதுமைக் கதை நிலைத்துவிட்டது. ஆனால் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் உலர்செடித் தொகுப்பான ஹெர்பேரியத்தில், டீட்ரிச் பிராண்டிஸ் 1880-இல் சேகரித்த பார்த்தீனியம் ஒன்று இருக்கிறது. 1814-இல் வெளிவந்த வில்லியம் ராக்ஸ்பர்கின் கல்கத்தா தோட்டப் பட்டியலிலேயே அதன் பெயர் வந்துவிட்டது. கோதுமை மூட்டைகள் அதை நாடெங்கும் பரப்பியிருக்கலாம். ஆனால் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே செடி வந்து சேர்ந்துவிட்டது.

ஒரு செடியின் வரலாறு, அதைப் பற்றி எழுதியவர்களின் வரலாறாகத்தான் நமக்குக் கிடைக்கிறது. கோவையில் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, பழைய ஹெர்பேரியம் ஷீட்டுகளைப் பார்த்து, செடிகள் எடுக்கப்பட்ட இடங்களை வரைபடத்தில் புள்ளிகளாக்கும் வேலையில் இறங்கினேன். எந்தச் செடி எங்கே இருக்கிறது, எங்கே புதிதாக நுழைகிறது, எந்தக் காட்டில் எது அழிகிறது என்று இன்று கணினியில் வரையும் வண்ணப் படங்கள் எல்லாம் இந்தப் புள்ளிகளின் மேல்தான் நிற்கின்றன. அந்தப் புள்ளிகள் எப்படிப் பிறக்கின்றன என்று அவற்றைப் பயன்படுத்துகிறவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தால் படத்தை வேறு மாதிரி படிப்பார்கள்.

உண்ணிச்செடியின் பழைய ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த தாள், பழுப்பேறியிருக்கும். மஞ்சளும் சிவப்புமாக இருந்த பூங்கொத்து காய்ந்து கருத்து, மிளகுச் சருகு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். இலையின் சொரசொரப்பு மட்டும் அப்படியே இருக்கும். தண்டின் நான்கு விளிம்பிலும் கீழ்நோக்கி வளைந்த முட்களும் மழுங்குவதில்லை. உதிர்ந்த காய்களை ஒரு சின்ன உறையில் போட்டு மூலையில் ஒட்டியிருப்பார்கள். பூச்சி அரிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் பாதரசக் குளோரைடில் தோய்த்ததால், தொட்டால் கையைக் கழுவிவிட வேண்டும். வலது கீழ் மூலையில் லேபிள். சேகரித்தவர் பெயர், வரிசை எண், இடம், தேதி, சில சமயம் உயரம். ஒரு செடி ஒரு நாளில் ஓரிடத்தில் இருந்தது என்பதற்கு இவ்வளவுதான் சாட்சி.

இதில் இடம்தான் பெரும்பாடு. 19-ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியச் செடிகளை ராபர்ட் வைட் அளவுக்குத் திரட்டியவர்கள் மிகச் சிலர். அவருடைய நூல்களுக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து இருவரின் கைத்திறனை இன்றும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் கியூ தோட்டத்திலிருந்து பல நாடுகளுக்குப் பிரித்தனுப்பப்பட்ட வைட்டின் ஷீட்டுகள் பலவற்றில் அச்சிட்ட லேபிள், 'கிழக்கிந்தியத் தீபகற்பம்' என்று லத்தீனில் சொல்வதோடு நின்றுவிடும். கன்னியாகுமரியா, ஊட்டியா, நெல்லூரா? அப்படிப்பட்ட ஷீட்டை வைத்துப் புள்ளி வைக்க முடியாது. செடியை அடையாளம் காண அது பொக்கிஷம். அதன் இருப்பிடத்தைக் கேட்டால் வாய் திறக்காது.

பின்னால் வந்த சி.ஈ.சி. ஃபிஷர் போன்றவர்கள் வேறு ரகம். வனத்துறை அதிகாரியாக இருந்தவர், காட்டை நடந்தே அறிந்தவர், ஆனைமலைத் தாவரங்களைப் பற்றி 1921-இல் தனி ஆய்வே எழுதினார். கேம்பிள் 1915-இல் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூலை 1936-இல் முடித்து வைத்தவரும் அவரே. இப்படி ஒழுங்காக எண்ணும் தேதியும் போட்டவர்களின் ஷீட்டுகளில், இடம் தெளிவில்லாத ஒன்றைக்கூட மீட்டுவிடலாம். அதே நாளில், முன்னும் பின்னுமாக உள்ள எண்களில் அவர் என்னென்ன எடுத்தார் என்று வரிசைப்படுத்தினால், காலையில் எந்த முகாமிலிருந்து புறப்பட்டார், மாலைக்குள் எங்கே போயிருக்க முடியும் என்பது பிடிபடும். அந்த நடைதூரத்துக்குள் புள்ளியை வைத்து, பிழை இத்தனை கிலோமீட்டர் இருக்கலாம் என்று பக்கத்தில் குறிக்கிறோம். பிழையைக் குறிக்காத புள்ளியை நான் நம்புவதில்லை.

இன்னொரு சிக்கல் இதைவிட ஆழமானது. களையை யாரும் சேகரிப்பதில்லை. பத்து மைல் ஏறி மலை முகட்டுக்குப் போகிறவர், அங்கே மட்டும் பூக்கும் ஆர்க்கிட்டைத்தான் பெட்டியில் வைப்பார். வழியெல்லாம் காலைக் கிழித்த உண்ணிமுள்ளை ஏன் எடுக்கப்போகிறார்? அதனால் அரிய செடிகளுக்குப் புள்ளிகள் மலிந்தும், ஊரை வளைத்த செடிகளுக்குப் புள்ளிகள் வறண்டும் கிடக்கின்றன. இருக்கும் கொஞ்சமும் சாலையோரம், மலைவாசஸ்தலம், கல்லூரிக்குப் பக்கத்துக் குன்று. வரைபடத்தில் ஓரிடம் வெறுமையாக இருந்தால், செடி அங்கே இல்லை என்றும் பொருள், தாவரவியலாளர் அங்கே போகவில்லை என்றும் பொருள். எது என்று தாள் சொல்லாது.

உண்ணிச்செடியின் கதையை இந்தக் குறைகளோடுதான் கட்ட வேண்டியிருக்கிறது. அதன் பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய், அங்கே கண்ணாடி வீடுகளில் பல வகைகளோடு கலந்து கலப்பினமானது. 19-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாக வந்தது. இலங்கைக்கு 1820-களில் தாவரவியல் தோட்டம் வழியாகவே போனது. துரைமார் பங்களாக்களுக்கு வேலியாயிற்று. ஆடுமாடு அதைத் தின்னாது. தின்றால் நச்சேறி, வெயில் பட்ட இடத்தில் தோல் வெந்துவிடும். வேலிக்கு இதைவிட என்ன வேண்டும்? கறுப்பாகப் பழுக்கும் சிறு கனியைக் கொண்டைக்குருவிகள் தின்று விதையைக் காட்டுக்குள் போட்டன. வேலி வேலியாகவே நிற்கவில்லை.

1916 முதல் 1919 வரை ஒய். ராமச்சந்திர ராவ் என்ற பூச்சியியலாளர் இந்தியாவிலும் பர்மாவிலும் உண்ணிச்செடியைத் தேடி அலைந்தார். அதைத் தின்று கட்டுப்படுத்தக்கூடிய பூச்சி ஏதாவது உள்நாட்டிலேயே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருக்கு இட்ட பணி. 1920-இல் அவருடைய அறிக்கை வேளாண் துறை வெளியீடாக வந்தது. பூச்சியைப் பற்றிய நூல் என்று தாவரவியல்காரர்கள் அதைப் புரட்டுவதே இல்லை. எனக்கு அது மிக முக்கியமான ஆவணம். உண்ணிச்செடி உள்ள இடங்களையே நாடிப்போன முதல் பெரும் பயணம் அது. களையைக் களை என்பதற்காகவே தேடிப்போன ஒருவர் அபூர்வம். அதன்பின் 1921-இல் ஹவாயிலிருந்து ஒரு சிறு ஈ கொண்டுவரப்பட்டது. 1941-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இலைப்பூச்சி தேக்குப் பூவையும் தின்னும் என்ற அச்சத்தில் டேராடூனில் அழிக்கப்பட்டது. ஆனாலும் அது தப்பித்து வெளியே பரவியது. உண்ணிச்செடிக்கு இரண்டாலும் பெரிய கேடில்லை.

தாளில் இல்லாத வரலாறு எங்கே இருக்கிறது என்பதைச் சத்தியமங்கலம் காட்டை ஒட்டி, கர்நாடகப் பக்கத்தில் நிற்கும் பிலிகிரி ரங்கசாமி மலை காட்டியது. அங்கே வாழும் சோளகர்கள், நம் பக்கத்துச் சத்தியமங்கலம் காட்டிலும் வாழ்கிறவர்கள்தாம். 1997-இல் அந்த மலை முழுவதும் சீரான இடைவெளியில் துண்டுகள் அமைத்து மரம் செடிகளைக் கணக்கெடுத்திருந்தார்கள். 2008-இல் பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் அதே இடங்களுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார்கள். முதலில் 41 சதவீதத் துண்டுகளில் இருந்த உண்ணிச்செடி, இப்போது 81 சதவீதத்தில் இருந்தது. இருபது தண்டுக்கு ஒன்றாக இருந்தது மூன்றுக்கு ஒன்றாகிவிட்டது. ஒரே இடத்தில் பதினோரு ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள். எந்தக் கணினிக் கணிப்பும் இதற்கு ஈடாகாது.

ஏன் இப்படி ஆயிற்று என்பதில்தான் கதை செழிக்கிறது. தீ உண்ணிச்செடிக்கு உதவுகிறது, காய்ந்த உண்ணிப்புதர் தீக்கு உதவுகிறது, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்ற கருதுகோளை இதே இருவரும் 2005-இல் முன்வைத்திருந்தார்கள். சோளகர் பெரியவர்களிடம் கேட்டபோது வேறு விஷயம் வெளிப்பட்டது. முன்பெல்லாம் கோடையின் தொடக்கத்திலேயே, தை மாத வாக்கில், சருகுக்கு மட்டும் தீ வைப்பார்கள். 'தரகு பெங்கி' என்பது அவர்கள் சொல். சருகு ஈரம் முழுக்க விடாத நேரம் என்பதால் தீ முழங்கால் உயரம்கூட எழாது; மரம் கருகாது; இளம் உண்ணிக்கன்றுகள் மட்டும் செத்துவிடும். 1974-இல் அந்த மலை சரணாலயமானது. சருகுத் தீ நின்றது. கன்றுகள் புதராகி, பிறகு வந்த தீ புதரைப் பிடித்துப் பெருந்தீ ஆயிற்று. ஆக தீ கெட்டதா நல்லதா என்ற கேள்வியே அரைகுறை. எந்த மாதத்துத் தீ, எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை, யார் வைத்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது. சோளகர்கள் சொன்னதை அறிவியல் பத்திரிகையில் 2012-இல் சான்றாகவே வைத்தார்கள். அது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதற்கு முன் எத்தனையோ பேர் அதே காட்டில் அதே மனிதர்களை வழிகாட்டியாகக் கூட்டிப்போயும் இதைக் கேட்கவில்லை.

முதுமலையில் ஆர். சுகுமார் குழுவினர் 1988-89-இல் அமைத்த 50 ஹெக்டேர் நிரந்தரத் துண்டும் இந்த வகைப் பொறுமைக்குச் சான்று. உண்ணிச்செடி அங்கே ஆண்டுக்கு ஆண்டு எப்படி நகர்ந்தது என்பது அந்தப் பதிவுகளால்தான் தெரிகிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1961-இல் வெளியிட்ட கன்னியாகுமரித் தாவர வரைபடத் தாள், ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் என்ற அளவில் நம் காடுகளை வண்ணத்தில் காட்டியது. இன்றும் அழகு குறையாத வேலை. ஆனால் மர நிழலுக்குக் கீழே படரும் புதரை அந்த அளவில் காட்ட முடியாது. செயற்கைக்கோளுக்கும் அதே கஷ்டம்தான். உண்ணிச்செடியைக் கணக்கெடுக்க ஆள் உள்ளே நடந்துதான் ஆக வேண்டும்.

இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் நினாத் அனில் முங்கி குழுவினர் 2020-இல் அந்த நடையை நாடளவில் பயன்படுத்தினார்கள். புலிக் கணக்கெடுப்புக்காக வனக் காவலர்கள் நடந்த பாதைகளில் எழுதிவைத்த செடிக் குறிப்புகள் லட்சத்துக்கும் மேல் அவர்களிடம் இருந்தன. புலிகள் வாழும் நிலப்பரப்பில் சுமார் 1,54,000 சதுர கிலோமீட்டர் காட்டில் உண்ணிச்செடி இருக்கிறது என்று கணக்கு வந்தது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அது அதிகம். அதைவிட என்னை நிறுத்திய செய்தி இன்னொன்று: அமெரிக்காவில் அது எந்த வெப்பத்தில், எந்த மழையில் வளர்கிறதோ, அந்த எல்லையைத் தாண்டி இங்கே வளர்கிறது. பூர்வீக இடத்துப் புள்ளிகளை மட்டும் கொடுத்து, இந்தியாவில் எங்கெல்லாம் பரவும் என்று கணினியைக் கேட்டால் பதில் குறைவாகத்தான் வரும். பாதி ஐரோப்பிய நர்சரியில் உருவான செடிக்கு எந்த ஊரைப் பூர்வீகம் என்பது?

இப்போது முதுமலையிலும் வயநாட்டிலும் சென்னா ஸ்பெக்டபிலிஸ் என்ற மஞ்சள் கொன்றை அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நியச் செடிகளுக்காகத் தனிக் கொள்கையே வகுத்தது. வெட்டும் வேலை நடக்கிறது. வெட்டட்டும். ஆனால் எழுதாமல் வெட்டினால், உண்ணிச்செடிக்கு நேர்ந்த அதே வெற்றிடம் இதற்கும் நேரும். மசினகுடி பக்கத்தில் ஓய்வு பெற்ற வனக் காவலர் ஒருவரிடம் இந்த மரம் எப்போது வந்தது என்று கேட்டேன். "எம்.ஜி.ஆர். செத்த வருஷம் பங்களா வாசல்ல ரெண்டே மரம் சார். பூ அழகா இருக்குன்னு அதிகாரிங்க போட்டோ புடிப்பாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் அப்ப ஒண்ணுகூட இல்லே" என்றார். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர். ஆண்டும் இடமும் எண்ணிக்கையும் சேர்ந்த இந்த வாக்கியம் ஒரு நல்ல லேபிளுக்குச் சமம். போதாக்குறைக்கு, ஆற்றுக்கு அப்பால் இல்லை என்றும் சொல்லிவிட்டார். இல்லாததைச் சொல்லும் சாட்சி எந்த ஹெர்பேரியத்திலும் கிடைக்காது.

அதனால் என்னிடம் வரும் மாணவர்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். எடுக்கிற களையின் லேபிளில், தேதிக்கும் இடத்துக்கும் கீழே, அந்த ஊர்க்காரர் எந்த வயதில் அதை முதலில் பார்த்தார் என்று அவர் சொன்ன மாதிரியே எழுத வேண்டும். போன பாதையில் அந்தச் செடி கண்ணில் படாவிட்டால், எங்கிருந்து எங்குவரை நடந்தோம், எந்தத் தேதி, இல்லை என்று நோட்டில் குறிக்க வேண்டும். மாயாற்றின் கிளை ஓடைகளில் சிலவற்றுக்கு இப்போது அப்படி 'இல்லை' எழுதிய பக்கங்கள் இருக்கின்றன. அடுத்த மழைக்குப் பிறகு அதே ஓடைகளில் மறுபடி நடக்கப் போகிறோம்.