கட்டைவிரலுக்கு இரண்டு கணக்கு

விருத்தாசலம் பீங்கான் பட்டறையில் கை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டால், ஸ்ரீமுஷ்ணம் பக்கமிருந்து வேலைக்குப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி 'எவ்வளவு கிடைக்கும்?' என்பதுதான். பட்டறையில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். பத்துப் பேருக்குக் குறைவென்றால் பொதுவாக 1923ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த இழப்பீட்டு வழி. பத்தும் அதற்கு மேலும் என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு 1948இல் வந்த இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டு வழி. 2025 நவம்பர் 21 முதல் இரண்டும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. ஆனாலும் வழிகள் இரண்டுதான்; இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவர் அதே காயத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கோர முடியாது.

வயது 30, சம்பளம் 12,000, ஒரு கட்டைவிரல் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வழியிலும் அது 30 சதவீத இழப்பு. முதல் வழியில் சம்பளத்தின் 60 சதவீதமான 7,200ஐ வயதுக்குரிய காரணியான 207.98ஆல் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுக்க வேண்டும். சுமார் 4,49,000 ரூபாய், ஒரே தடவையில். இ.எஸ்.ஐ.யில் மாதம் ஏறத்தாழ 3,240 ரூபாய், ஆயுள் உள்ளவரை. பதினொன்றரை வருடத்தில் இரண்டும் சமமாகின்றன. அப்போது அவருக்கு 42 வயதுகூட ஆகியிருக்காது. மொத்தப் பணம் வட்டிக்கடைக்கும் கல்யாணச் செலவுக்கும் கரைந்துவிடும் வீடுகளில் மாதப் பணமே நிற்கும் என்பது என் கருத்து. காயம் ஆறும்வரை கிடைப்பதிலும் இ.எஸ்.ஐ.தான் மேல்: அங்கே கூலியில் 90 சதவீதம், இழப்பீட்டு வழியில் பாதி.

ஆனால் சிறு பட்டறைத் தொழிலாளிக்குப் பெரிய ஆபத்து ஆஸ்பத்திரிக் கட்டிலருகே காத்திருக்கிறது. கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கும் அப்படிப்பட்ட ஒப்பந்தம் சட்டத்தின் முன் செல்லாது. இது தெரியாமலே பலர் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். கோருவதற்கான இரண்டு வருடக் கெடுவும் ஓடிவிடுகிறது. காண்ட்ராக்டர் மூலம் வந்தவர் என்றாலும் வேலை நடந்த இடத்தின் முதலாளியிடம் கேட்கலாம். ஒரு மாதத்துக்குள் பணம் தராவிட்டால் 12 சதவீத வட்டியும் உண்டு.

'இ.எஸ்.ஐ.யில் என் பெயரையே சேர்க்கவில்லையே?' என்பது மறுபக்கத்துக் கேள்வி. பதிவும் சந்தாவும் முதலாளியின் கடமை. அவர் தவறியதற்காகத் தொழிலாளியின் உரிமை போய்விடாது. உச்ச நீதிமன்றம் 2003இலேயே, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், இதைத் தெளிவாக்கிவிட்டது. இ.எஸ்.ஐ. கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

விரல் போனது கண்ணுக்குத் தெரியும். களிமண்ணோடும் குவார்ட்ஸ் பொடியோடும் நுரையீரலுக்குள் போகும் சிலிக்கா தூசி தெரியாது. அந்தத் தூசியால் வரும் சிலிக்கோசிஸ் நோய் வெளிப்படும்போது தொழிலாளி மூன்று நான்கு பட்டறை மாறியிருப்பார். இழப்பீட்டு வழியில் எந்த முதலாளி பொறுப்பு என்ற வாதம் அங்கேதான் கிளம்பும், இ.எஸ்.ஐ.யில் பணம் பொது நிதியிலிருந்து வருவதால் அந்தச் சண்டைக்கு இடம் குறைவு. எந்தப் பட்டறையில் எந்த வருடம் வேலை பார்த்தார் என்பதற்கான சீட்டு, வருகைப் பதிவின் நகல், கூலி வந்த வங்கிக் கணக்கு ஆகியவற்றை இருமல் தொடங்குமுன்பே சேர்த்து வைத்திருப்பவருக்கு இரண்டு வழியிலும் வேலை எளிது.