பட்டப்படிப்புக்குப் பின் மனிதவள மேலாண்மை: சேரும் முன் கவனிக்க வேண்டியவை

"பிள்ளை பி.ஏ. முடித்துவிட்டான், ஹஜ்ரத். இனி என்ன படிக்க வைப்பது?" பெற்றோர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. வரலாறு, தமிழ், அரபி என எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் சேரக்கூடிய படிப்புகளில் ஒன்று மனிதவள மேலாண்மை. ஆண், பெண் இருபாலருக்கும் ஏற்றது.

என்ன படிப்பார்கள்?

இது இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு. ஆள் தேர்வு, ஊதிய நிர்ணயம், பணி மதிப்பீடு, தொழிலாளர் சட்டம், தொழில் உறவுகள், ஊழியர் பயிற்சி ஆகியவை முக்கியப் பாடங்கள். பயிற்சி கொடுத்தால் மட்டும் போதாது, அதன் பலனையும் அளக்க வேண்டும். அதற்கு டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு படிகள் இன்றும் கற்பிக்கப்படுகின்றன: பயிற்சி பெற்றவர் அதை எப்படி ஏற்றார், என்ன கற்றார், வேலையில் என்ன மாறியது, நிறுவனத்துக்கு என்ன பலன் கிடைத்தது.

எங்கே படிக்கலாம்?

ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. (1949), மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் (1936) ஆகியவை இத்துறையில் பெயர் பெற்றவை. சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் கல்லூரி எம்.ஏ. படிப்பை நடத்துகிறது. தமிழகக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வை எழுதலாம். வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கு இக்னோவின் தொலைநிலை எம்.பி.ஏ. உண்டு.

பலர் கவனிக்காத ஒன்று

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம், 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. எனவே இப்பதவிக்குத் தகுதியானவர்களின் தேவை கூடுகிறது. ஆனால் மனிதவளம் என்று பெயருள்ள எல்லாப் பட்டங்களும் இப்பதவிக்குச் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. இதற்கென வரையறுக்கப்பட்ட கல்வித் தகுதி உண்டு. சென்னையில் அரசு நடத்தும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தின் எம்.ஏ. தொழிலாளர் மேலாண்மை அத்தகைய படிப்பு. பெரும் தொகை கட்டி எம்.பி.ஏ. சேர்ப்பதற்கு முன் இதையும் விசாரியுங்கள்.

கல்லூரியில் கேட்க வேண்டியவை மூன்று: தொழிலாளர் சட்டம் முழுப் பாடமாக உள்ளதா? தொழிற்சாலையில் நேரடிப் பயிற்சி உண்டா? நல அலுவலர் பதவிக்கு இப்பட்டம் ஏற்கப்படுமா? மூன்றாவது கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல், காலணித் தொழிற்சாலைகளில் நம் சமுதாயத்தினர் பலர் முதலாளிகள். வேலை செய்வோரில் பெண்கள் ஏராளம். அவர்களின் கூலி, வைப்பு நிதி, விடுப்பு, குறைகள் எல்லாம் இந்த அலுவலரின் மேசைக்குத்தான் வரும். அது ஓர் அமானிதம். அதை முறையாகக் கையாளச் சட்டம் தெரிந்த பிள்ளைகள் நம்மிடமிருந்தும் உருவாக வேண்டும்.