தோற்றவர் எழுதிய சரித்திரம்

வென்றவரே சரித்திரம் எழுதுவர் என்பது கற்றோர் வழக்கு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கதையோ இதற்கு நேர்மாறானது. 1861-ம் வருஷம் முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டு யுத்தத்தில் தென்பாகத்தார் தோற்றனர். சுமார் 40 இலட்சம் அடிமைகள் விடுதலையெய்தினர். ஆயினும், போர்க்களத்தில் இழந்ததைத் தென்பாகத்தார் பாடசாலைகளிலே பெரிதும் மீட்டுக்கொண்டனர்.

பிரிந்துபோன தென்பாகத்து அரசின் உபதலைவர் அலெக்ஸாண்டர் ஸ்டீபன்ஸ் 1861 மார்ச்சு மாதத்தில், கறுப்பர் வெள்ளையருக்கு நிகரல்லர் என்பதே தம் அரசின் மூலைக்கல் என்று பிரசங்கித்தார். தோல்விக்குப் பின்னர் அவரே, யுத்தம் மாகாணங்களின் உரிமை குறித்தது என்று சாதித்து இரண்டு பெரும் பாகங்களில் நூலொன்று இயற்றினார்!

1894-ல் தென்பாகப் போர்வீரர் குடும்பத்து மாதர் ஒரு சங்கம் நிறுவினர். நம்முடையதைப் போன்றே சந்தாவும் கூட்டங்களும் உடைய சங்கந்தான். ஊர்தோறும் சிலைகள் நாட்டினர். அதனினும் பெரிது பாடப்புஸ்தகங்களில் அவர்கள் செய்த வேலை. அச்சங்கத்தின் சரித்திராசிரியையாய் விளங்கிய மில்ட்ரெட் ரதர்போர்டு அம்மையார், 1919-ஐ ஒட்டி, புஸ்தகங்களை அளக்கும் கோல் ஒன்றை அச்சிட்டு வழங்கினார். அடிமைகளை வைத்துக்கொள்ளவே தென்பாகத்தார் போரிட்டனர் என்னும் நூலை விலக்குக. எஜமானரைக் கொடியவர் என்னும் நூலை விலக்குக. புஸ்தகசாலையில் முன்னரே இருப்பதாயின், தென்பாகத்திற்கு அநீதி செய்வது என அதன் முகப்பில் எழுதிவைக்குக. இஃது அக்கோலின் விதி. முன்னோர் கீர்த்தியைக் காக்கும் ஆவல் இயல்பே. குல சரித்திரம் எழுதப் புகும் நம்மவர்க்கும் அது உண்டு. ஆனால் இங்கு அக்கீர்த்திக்காக மறைக்கப்பட்டது பிறர் பட்ட துன்பமன்றோ?

துன்புற்றோரின் சாட்சியத்தைப் பெறுவதும் எளிதாயில்லை. அடிமைக்கு எழுத்தறிவித்தலைத் தென்மாகாணங்கள் பல சட்டத்தால் தடுத்திருந்தன. 1936 முதல் 1938 வரை அரசாங்கத்தார் ஆளனுப்பி, உயிரோடிருந்த முன்னாள் அடிமைகள் 2,000 பேருக்கு மேற்பட்டோரின் வாய்மொழியை எழுதி வாங்கினர். கேட்டவருட் பெரும்பாலோர் தென்பாகத்து வெள்ளையர். சொன்னவரோ வறுமையுற்ற முதியோர். சவுக்கடியைப் பற்றி எத்தனை பேர் மனம் விட்டுப் பேசியிருப்பர்?

இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. அடிமைகள் கற்ற தொழில்கள் சிலவிடத்து அவர்க்கே பயன்பட்டன என்று கற்பிக்கும்படி 2023-ல் புளோரிடா மாகாணக் கல்வி அதிகாரிகள் விதித்ததும் பெருங்கிளர்ச்சி மூண்டது. லூயிசியானாவிலோ, விட்னி என்னும் பழைய கரும்புத் தோட்டம் 2014-ல் அடிமைகளின் நினைவாலயமாகத் திறக்கப்பட்டது. அம்மாகாணத்தில் அடிமைப்பட்டிருந்தோரின் பெயர்கள் இலட்சத்திற்கு மேல் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன.